அம்மாவைக் கொன்ற பிறகு தொடங்கும் கதைகள்

ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். சில ஆண்டுகளுக்கு முன்பு அந்த நாளில் ஒரு கல்லூரி விழாவில் கவிதை வாசிக்கக் கூப்பிட்டார்கள். நீல பலூன், நீலப் பின்திரை, பேராசிரியைகள் எல்லோரும் நீலச் சேலை. நானும்தான். என் கவிதையில் ஆட்டிசக் குழந்தை ஒரு தேவதையாக இருந்தது. பேசாத அதன் உதட்டில் வண்ணத்துப்பூச்சிகள் வந்து அமர்ந்தன. கடவுள் ஒருத்தியைப் பொறுக்கியெடுத்து அந்தக் குழந்தைக்குத் தாயாக்கினார் என்றும் எழுதியிருந்தேன். நல்ல கைதட்டல். முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

விழா முடிந்து இறங்கி வரும்போது மாணவி ஒருத்தி ஓரமாக நின்றிருந்தாள்.

"மேடம், என் தங்கச்சிக்கு ஆட்டிசம். பதினாலு வயசு ஆவுது. அவ தேவதைலாம் இல்ல மேடம். மாசத்துல அந்த நாலு நாளு பேடைப் பிச்சுப் பிச்சு செவுத்துல ஒட்டுவா. எங்கம்மா லீவு போட்டா நாலு நாள் சம்பளம் போயிடும். கடவுள் ஒண்ணும் எங்கம்மாவைத் தேர்ந்தெடுக்கல."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. விடைத்தாளில் மதிப்பெண் கூட்டலில் பிழை இருக்கிறது என்று காட்டுகிற குரலில் சொன்னாள்.

அந்தக் கவிதையை எந்தத் தொகுப்பிலும் நான் சேர்க்கவில்லை. ஆனால் அந்தத் தேவதை எனக்குள் எங்கிருந்து வந்தாள் என்ற கேள்வி விடவில்லை. அதுவரை ஆட்டிசம் உள்ள ஒருவரோடு ஒருமணி நேரம்கூட நான் உட்கார்ந்ததில்லை. சங்க இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவளுக்கு இந்தத் தேவதையைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் டிவிதான்.

மாணவியின் வீடு ஒரகடத்திலிருந்து வல்லம் போகும் பக்கம், சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு லைன் வீடு. எட்டு வாசல், பொதுக் குழாய் ஒன்று. வயல் விற்ற பணத்தில் வரிசையாக அறை கட்டி, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுகிற ஊர். அம்மா ஓர் உதிரிபாகக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. பத்து வருடமாக அதே கேட், அதே மேசை. ஒப்பந்த ஏஜென்சி மட்டும் ஐந்து முறை மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் கழுத்தில் மாட்டும் அடையாள அட்டையின் கயிறு வேறு நிறம். பழைய கயிறுகள் எல்லாம் சின்னவளின் சொத்து. நிறம் பிரித்துத் தரையில் நேராக நீட்டி வைப்பாள். ஒன்று கோணினாலும் எழுந்து வந்து சரிசெய்வாள். அப்பா தண்ணி லாரி ஓட்டுகிறார். கெட்டவர் அல்ல. ஆஸ்பத்திரிக்கு வந்ததில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதையெல்லாம் எழுத அக்காவிடமும் அம்மாவிடமும் கேட்டேன். பெயர் வேண்டாம் என்றார்கள், போடவில்லை. சின்னவளிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் குறைசொல்லப் போகிற எல்லாரிடமும் உள்ள குறை இந்தக் கட்டுரையிலும் இருக்கிறது.

பண்டிகை நாட்களில் டிவியில் திரும்பத் திரும்ப வரும் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு மூன்றும் வேறுவேறு. நம் வீட்டுக் கூடத்தில் மூன்றுக்கும் ஒரே பெயர், 'அந்த மாதிரிப் பசங்க'. அதனால் நானும் அந்தப் படங்களைச் சேர்த்தே பேசுகிறேன். 'தெய்வத்திருமகள்' (2011): விக்ரம் அறிவுசார் குறைபாடுள்ள தகப்பன்; குழந்தையைப் பெற்றதும் தாய் இறந்துவிடுகிறாள். 'ஹரிதாஸ்' (2013): ஆட்டிசம் என்று பெயர் சொல்லி எடுத்த படம், அதற்காக அதை மதிக்கிறேன். கிஷோர் என்கவுண்டர் போலீஸ், மகனுக்கு ஆட்டிசம். தாய் இல்லை, வளர்த்த பாட்டியும் இறந்த பிறகுதான் கதை சூடு பிடிக்கிறது. 'பேரன்பு' (2019): மம்மூட்டி தகப்பன், மகளுக்கு மூளை முடக்குவாதம், தாய் கடிதம் எழுதி வைத்துவிட்டு வேறொருவருடன் போய்விட்டாள். இவற்றுக்கெல்லாம் முன்னே 'அஞ்சலி' (1990). அங்கே தாய் உயிரோடு வீட்டில்தான் இருக்கிறாள். ஆனால் குழந்தை செத்துப் பிறந்தது என்று அவளிடம் பொய் சொல்லிவிட்டு, தந்தை தனியாக ரகசியமாகச் சுமக்கிறார்.

ஒருத்தி பிரசவத்தில் செத்தாள், ஒருத்தி முன்பே செத்தாள், ஒருத்தி ஓடிப்போனாள், ஒருத்தி ஏமாற்றப்பட்டாள். முப்பது ஆண்டுத் தமிழ்த் திரையின் நான்கு பெரிய கண்ணீர்ப் படங்களில் தாய் இருக்கவேண்டிய இடம் காலி. தற்செயலா? நான் நம்பவில்லை. ஒரு பெண் காலையில் நான்கு மணிக்கு எழுந்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, ஊட்டி, கடி வாங்கி, ஷிஃப்ட் பஸ் பிடித்தால் அது கதை ஆகாது; அது அவள் வேலை. அதே வேலையை ஒரு ஆண் அரைமணி நேரம் செய்தால் காவியம். ஆகவே முதலில் தாயை அகற்ற வேண்டியிருக்கிறது. இரண்டாவதாக, அந்தப் பிள்ளை தனக்கென்று எதையும் விரும்பாத, யாரையும் வெறுக்காத, அப்பாவின் நல்ல மனசைக் காட்டுகிற கண்ணாடியாக நிற்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு வேலையும் ஒரே கை செய்கிற வேலை என்பதுதான் என் வாதம். தாயின் உழைப்பை மறைக்கிற கதையால் அந்தப் பிள்ளையையும் ஆளாகப் பார்க்க முடியாது.

'பேரன்பு' பற்றி நியாயமாகப் பேச வேண்டும். வளர்ந்த மகளின் மாதவிடாயையும் உடலின் விருப்பத்தையும் துணிந்து காட்டிய தமிழ்ப்படம் அது. பேடு மாற்ற வரும் அப்பாவைத் தடுத்து மகள் முகம் திருப்புகிற இடத்தில் நான் எழுந்து உட்கார்ந்தேன். அப்போதும் கேமரா அப்பாவின் தவிப்பின் மீதுதான் நிற்கிறது. அவள் எதற்காகத் தடுத்தாள் என்பதன் மீதல்ல.

ஆட்டிசம் உள்ள பெண்பிள்ளை என்று யாரும் நம் திரையில் இல்லையா என்று மாணவிகள் கேட்பதுண்டு. இருக்கிறாள், வேறு பெயரில். 'சந்தோஷ் சுப்பிரமணியம்' (2008) படத்தின் ஹாசினியை நினைத்துப் பாருங்கள். தலை ஒருமுறை முட்டினால் இன்னொரு முறை முட்டியாக வேண்டும், இல்லையென்றால் கொம்பு முளைக்கும். மனசில் பட்டதை அப்படியே சொல்வாள். முன்பின் தெரியாதவரோடு பழகுவாள். சபையறிந்து பேசத் தெரியாது. நாம் அவளுக்கு 'லூசுப் பொண்ணு' என்று பட்டம் கொடுத்துக் கொஞ்சினோம். இதே நான்கும் அந்த லைன் வீட்டில் இருக்கின்றன. நிலைப்படியை ஒருமுறை தொட்டால் இரண்டாம் முறை தொடாமல் சின்னவள் உள்ளே வரமாட்டாள். அவளுக்கு அதற்காகக் கிடைத்தது வேப்பிலை, மந்திரிச்ச கயிறு, நெற்றியில் சூடு. ஹாசினி நடிப்பு என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் கொஞ்சலாம்.

இது 2008இல் தொடங்கியதும் அல்ல. பெண்ணின் ஏழு பருவங்களில் முதலாவதுக்குப் 'பேதை' என்று பெயர் வைத்த மொழி நம்முடையது. அறிவில்லாதவள் என்பதற்கும் அதே சொல். அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று அடுக்கும்போது அந்த மடத்தை வகுப்பில் விளக்க ஒவ்வொரு ஆண்டும் எனக்கு நாக்கு கூசுகிறது. அறியாமை பெண்ணுக்கு நகை என்று நாம் பாடம் நடத்துகிறோம். 'மூன்றாம் பிறை'யில் (1982) விபத்தில் நினைவு தவறிக் குழந்தையாகிவிட்ட வளர்ந்த பெண்ணாக ஸ்ரீதேவி நடித்தார். தேசிய விருது அவரைப் பார்த்துக்கொண்ட ஆணாக நடித்த கமல்ஹாசனுக்குப் போனது. கமலின் நடிப்பைக் குறைசொல்லவில்லை. யார் கண்ணீர் நம் நாட்டில் எடைபோடப்படுகிறது என்பதைச் சொல்கிறேன். குழந்தை மனசுள்ள பெண் உடல் என்பது நமக்கு ரசிக்கத்தக்க பொருள். உண்மையான ஆட்டிசப் பெண்ணின் தாய் இரவில் தூங்காமல் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பது அந்த ரசனைக்குப் பயந்துதான்.

இப்போது சொற்கள். ஆட்டிசத்துக்கு நம் அரசுக் குறிப்புகளில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று பார்த்திருக்கிறேன். கட்டுரைகளில் 'மதியிறுக்கம்' என்கிறார்கள். 'தன்முனைப்புக் குறைபாடு' என்றும் ஒன்று உண்டு. தன்முனைப்பு என்றால் தமிழில் அகந்தை. ஒரு குழந்தையின் அட்டையில் அகந்தைக் குறைபாடு என்று எழுதிக் கொடுக்கிற மொழிபெயர்ப்பாளர் யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. செய்தி வாசிப்பவர்களும் விவாத மேடைக்காரர்களும் இந்தச் சொற்களை எடுத்து அப்படியே வாசிக்கிறார்கள். புற உலகச் சிந்தனை அற்றவளா அவள்? கம்பெனி பஸ் முனை திரும்புவதற்கு முன்பே சின்னவள் வாசலுக்கு வந்து நிற்கிறாள். எங்களுக்குக் கேட்காத ஹாரன் அவளுக்குக் கேட்கிறது. டியூப் லைட்டின் ரீங்காரம் கேட்கிறது, பக்கத்துத் தெருவில் மிக்சி ஓடுவது உடம்பில் படுகிறது. புற உலகம் அவளுக்குள் அளவுக்கு மீறிக் கொட்டிக்கொண்டிருக்கிறது. டிவி விளம்பரங்களை அந்தந்தக் குரலிலேயே சொல்வாள்: பசித்தால் ஒரு மசாலாத்தூள் விளம்பரம், கோபம் என்றால் ஒரு சிமெண்ட் விளம்பரம். வீட்டில் இருப்பவர்கள் அதை ஒரு மொழியாகப் படித்துவைத்திருக்கிறார்கள். எனக்கு மசாலாத்தூள் மட்டும் பிடிபட்டிருக்கிறது. 'ஆட்டிசம்' என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. தமிழ்ப் பேராசிரியை இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் பஸ், டிவி என்று சொல்வதை முதலில் நிறுத்திவிட்டு வரட்டும்.

விளம்பரம் மட்டும் அல்ல, வேறொன்றும் டிவியிலிருந்து அந்த லைன் வீட்டுக்கு வந்தது. ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி, பெயர் வேண்டாம். அதில் ஒருவர் கையை உதறிக்கொண்டு, தலையைச் சாய்த்து, சொன்னதையே திருப்பிச் சொல்லி நடித்தார். நடுவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் மாலை வாசலில் பிள்ளைகள் சின்னவள் முன்னால் நின்று அதே போலக் கையை உதறினார்கள். சந்தோஷம் வந்தால் அவள் கையை உதறுவது வழக்கம். அவர்களைப் பார்த்ததும் இவளும் உதறினாள், குதித்தாள், சிரித்தாள்.

"அவளுக்கு ஃபர்ஸ்ட் டைம் கூட்டாளிங்க கெடைச்சிட்டாங்கன்னு நெனச்சுட்டா மேடம்" என்றாள் அக்கா. "நாலு நாள் அதே நேரத்துக்குப் போயி வாசல்ல நின்னா."

கேலி என்பது புரிந்து அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

நகைச்சுவையே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம், 'ஆங்க் மிச்சோலி' என்ற இந்திப் படம் குறித்து நிபுண் மல்ஹோத்ரா தொடர்ந்த வழக்கில் இதைத்தான் பிரித்துச் சொன்னது: மாற்றுத்திறனாளிகளைச் சிறுமைப்படுத்தும் சிரிப்பு வேறு, அவர்களைப் புரிந்துகொள்ள உதவும் சிரிப்பு வேறு. இழிசொற்களைத் தவிருங்கள், குறைபாட்டைச் சரியாகத் தெரிந்துகொண்டு காட்டுங்கள், அவர்களைக் கலந்து செய்யுங்கள் என்று காட்சி ஊடகங்களுக்கு வழிகாட்டியது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத ஆட்டிசம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்றாக வந்துவிட்டது. பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது அதன்படி குற்றம். சட்டம் இருக்கிறது. ஸ்டுடியோவில் சிரிப்பொலியைப் போடுகிறவர் அதைப் படித்தாரா என்பதுதான் கேள்வி.

பொழுதுபோக்கு இப்படி என்றால், அறிவுரை நிகழ்ச்சிகள் இன்னொரு வகை. அண்மைக் காலமாகக் காலை நேர மருத்துவ நிகழ்ச்சிகளிலும் யூடியூபிலும் 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்று ஒன்று உலவுகிறது. அம்மா செல்போனைக் கையில் கொடுத்துவிட்டு, டிவியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போவதால் பிள்ளைக்கு ஆட்டிசம் வருகிறதாம். மருத்துவ வகைப்பாட்டில் அப்படி ஒரு நோயறிதல் கிடையாது. திரையைக் குறைப்பது நல்லதுதான். அதற்கு அம்மாவைக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. இந்தக் கூண்டு பழையது. லியோ கானர் 1943இல் ஆட்டிசத்தை விவரித்தபோதே பெற்றோரின் பாசக்குறைவைப் பற்றியும் எழுதினார். பிறகு அமெரிக்காவில் இந்தத் தாய்களுக்கு 'ஃபிரிட்ஜ் அம்மா' என்று பெயர் வந்தது. சில்லிட்ட மனம் கொண்டவர்களாம். உளவியலாளரும் ஆட்டிச மகனின் தந்தையுமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் அதை மறுத்து நூல் எழுதினார். அப்படியும் 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் அதே பழியைத் தடித்த புத்தகமாகக் கொண்டுவந்தார்.

எங்கள் வட்டாரத்தில் இருந்துகொண்டு 'ஃபிரிட்ஜ் அம்மா' என்று படித்தால் வேறு மாதிரி ஒலிக்கிறது. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலை ஃபிரிட்ஜும் டிவியும் செய்கிறது. 2024 செப்டம்பரில் அங்கே சங்க உரிமைக்காக ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் நடந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதே ஆண்டு ஜூனில், ஃபாக்ஸ்கானின் ஐஃபோன் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது, மத்திய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அந்த ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. தனி ஆளாக வந்து தனி ஆளாகத் தூங்கும் பெண்ணை மனதில் வைத்து வளர்கிற வட்டாரம் இது. அதில் ஆட்டிசப் பிள்ளையோடு ஒரு தாய் எங்கே நிற்பாள்? முட்டுக்காட்டில் மத்திய அரசின் நல்ல நிறுவனம் இருக்கிறது. ஒரகடத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் என்று பஸ் மாறிப் போக வேண்டும். ஹாரன் சத்தத்தில் துடிக்கிற பிள்ளையோடு. ஒருமுறை நானும் கூடப் போனேன். காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மம்மூட்டி யாரும் இல்லை.

கொரியாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கம் கடைப் பலகையில் கொரிய எழுத்து உண்டு, மாணவிகள் போனில் கொரிய சீரியல் உண்டு. 2022இல் வந்த 'எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ' தொடரை என் வகுப்பில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். ஆட்டிசம் உள்ள பெண் வழக்கறிஞர், திமிங்கலங்கள் மீது காதல் கொண்டவள். எனக்கும் பிடித்தது. ஆட்டிசப் பெண் ஒருத்தி சம்பளம் வாங்குவதையும் காதலிப்பதையும் வாரம் இரண்டு நாள் காட்டுவது சின்ன விஷயம் அல்ல. ஆனால் பாருங்கள், அங்கேயும் அப்பாதான் தனியாக வளர்க்கிறார், அம்மா பெற்றதும் விட்டுப் போனவள். அங்கேயும் அவள் சட்டப் புத்தகத்தை வரிவிடாமல் மனப்பாடமாகச் சொல்லும் மேதை. ஆட்டிசம் இல்லாத நடிகைதான் நடித்திருக்கிறார். "உங்க தங்கச்சிக்கு என்ன டேலன்ட்?" என்று அக்காவிடம் தோழிகள் கேட்கத் தொடங்கியது அந்தத் தொடருக்குப் பிறகுதான். டேலன்ட் எதுவும் இல்லாமல் அவள் இருக்கக் கூடாதா? உங்களுக்கும் எனக்கும் இருக்கிற அந்தச் சாதாரண உரிமை அவளுக்குக் கிடையாதா?

செய்ய முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2010இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுத்த 'டெம்பிள் கிராண்டின்' படத்தில், ஆட்டிசம் உள்ள பெண் தொழிற்கூடங்களுக்கான கால்நடைக் கொட்டில்களை வடிவமைக்கிறாள், மகளைக் காப்பகத்தில் தள்ள மறுத்த தாயும் படம் முழுக்க இருக்கிறாள். 2017இல் 'செசமி ஸ்ட்ரீட்' தொலைக்காட்சிக்கு ஆட்டிசம் உள்ள பொம்மையாக வந்த ஜூலியா ஒரு பெண்பிள்ளை. அந்தப் பொம்மையை இயக்கியவர் ஆட்டிசம் உள்ள மகனின் தாய். 2025இல் நம் ஊர் ஆர்.எஸ்.பிரசன்னா இயக்கிய 'சிதாரே ஜமீன் பர்' இந்திப் படத்தில் நரம்பியல் மாறுபாடு உள்ள பத்துப் பேர் தாங்களே நடித்தார்கள். கதை திருந்துவது என்னவோ அங்கேயும் ஆமிர் கான் என்ற ஆண்தான். பரவாயில்லை, பத்துப் பேருக்குச் சம்பளம் போயிருக்கிறது. தமிழ் சீரியல்கள் நாள் தவறாமல் ஓடுகின்றன. ஒரு குடும்பக் கதையில் ஆட்டிசம் உள்ள ஒரு நாத்தனாரை வைப்பதற்கு என்ன தடை? சாபமாகவும் வேண்டாம், சக்தியாகவும் வேண்டாம். கதையின் நடுவே அவள் பாட்டுக்குத் தயிர்சாதத்தைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடட்டும். அந்த வேடத்தில் ஆட்டிசம் உள்ள பெண்ணே நடிக்கட்டும், படப்பிடிப்புத் தளத்தில் விளக்கைக் கொஞ்சம் குறையுங்கள், சத்தம் போடாதீர்கள். வசனம் எழுதுவதற்கு முன்னால் பேசத் தெரிந்தவர்களையும் பேசாமல் சொல்லத் தெரிந்தவர்களையும் கேளுங்கள். நான் உட்பட, அம்மாக்களுக்கும் அக்காக்களுக்கும் பேராசிரியைகளுக்கும் பிறகு அல்ல, முன்னால்.

சென்ற பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு அன்று விடுமுறை. டிவியில் மேலே நான் சொன்ன படங்களில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வாசல் பெண்கள் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் கயிறுகளை நீட்டி வைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் பிள்ளையும் பிரிகிற இடம் வந்தது, வயலின் ஏறியது, பக்கத்து வீட்டுக்காரர் முந்தானையை எடுத்தார். எனக்கும் தொண்டை அடைத்தது. எவ்வளவு எழுதினாலும் அந்த வயலினுக்கு நான் தப்புவதில்லை. சின்னவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்தாள். முழங்கையால் சுவிட்சைத் தட்டி டிவியை அணைத்தாள். இன்னொரு முறை தட்டி எரியவிட்டு, மறுபடி அணைத்தாள். பிறகு போய்க் கயிறுகளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னடி இது, நல்ல சீன்ல" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"விடு அக்கா" என்றார் அம்மா, கரும்பை வெட்டிக்கொண்டே. "அவளுக்கு இந்தப் படம் புடிக்காது."